இல்லறப் பிரிவும் சிறார் நூல்களும்

தொல்காப்பியக் கற்பியல், தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே ஊடல் தீர்க்கும் வாயில்களைத் தோழி முதலாகக் கண்டோர் ஈறாகப் பன்னிருவர் என வரையறுக்கின்றது. அப்பன்னிருவருள் புதல்வன் இடம்பெறவில்லை. ஆயின் சான்றோர் செய்யுட்களைப் பயில்வார், ஏனை வாயில்கள் எல்லாம் மறுக்கப்பட்டவிடத்துப் புதல்வனே வலிய வாயிலாக வந்து நிற்பதைப் பலகாலும் காண்பர். பிற்காலக் கோவை நூல்களில் இது தனித்துறையாகவே நிலைபெற்றுவிட்டது. திருக்கோவையாரில் புதல்வன்மேல் வைத்துப் புலவி தீர்த்தல் என்னும் துறை உண்டு. இலக்கணம் எண்ணாது விட்ட ஒருவனை இலக்கியம் ஏன் வாயிலில் நிறுத்திற்று என்னும் வினாவுக்கு உரைகாரர் வழிநின்று விடை கூறுவது எளிது. நாம் ஈண்டு எழுப்ப விரும்புவது வேறொரு வினா. வாயிலில் நிற்கும் அச்சிறுவன் என்ன எண்ணினான்? அவனுக்கென எவரேனும் ஒரு பாட்டுப் பாடினரா?

இவ்வினா இன்று வெறும் ஆராய்ச்சி வினாவன்று. பெற்றோர் பிணங்கிப் பிரிந்த வீடுகளில் வாழும் சிறார்க்கென உலகின் பிறமொழிகள் பலவற்றில் நூல்கள் தோன்றியுள்ளன. அவை ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்துள்ளன. தமிழில் அப்பொருளை நேர்நின்று எடுத்துரைக்கும் சிறுவர் நூல் மிக அரிது. தமிழ்த்துறைகளில் சிறுவர் இலக்கியம் ஆய்பொருளாகிவிட்ட இந்நாளில், இவ்வின்மையின் காரணத்தைப் பழைய இலக்கியத்திலிருந்தே தொடங்கி ஆராய்தல் தகும். எடுத்துக்காட்டுகளைக் கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பகுதியிலிருந்து பெரிதும் கொள்கின்றோம். அப்பகுதி இப்பொருளுக்கு வியக்கத்தக்க அளவில் சான்று தருகின்றது.

முதற்கண் மருதத்திணைப் புதல்வனைக் காண்போம். அகநானூற்றின் பதினாறாம் பாட்டு சாகலாசனார் பாடியது. தெருவில் தனித்து விளையாடும் சிறுவனைத் தலைவனின் காதற்பரத்தை காண்கின்றாள். முகச்சாயலால் அவன் யார் மகன் என உணர்ந்து, அக்கம்பக்கம் நோக்கி, ஆளில்லை எனக் கண்டு அவனை அணைத்துக்கொள்கின்றாள். அதனைக் கண்ட தலைவி அவளிடம் சென்று, நீயும் இவனுக்குத் தாயே என்னும் கருத்துப்பட மொழிகின்றாள். களவு கண்டுபிடிக்கப்பட்டவர்போல அவள் தலைகவிழ்ந்து கால்விரலால் நிலங்கீறி நிற்கின்றாள். இந்நிகழ்ச்சியைத் தலைவி தலைவனிடம் கூறுவதாகப் பாட்டு அமைகின்றது. மூவர் உள்ளமும் இதில் நுட்பமாக ஒளிர்கின்றன. நான்காமவன் உள்ளத்திற்கு மட்டும் இடமில்லை. அறியாத ஒருத்தி அணைத்ததும், தாய் அவளிடம் பேசியதும், அவள் நாணி நின்றதும் அவன் கண்முன் நிகழ்ந்தவை. அவன் எதனை விளங்கிக்கொண்டான் என்பதைப் பாட்டுச் சொல்லவில்லை. அது பாட்டின் குறையன்று. அகத்திணையின் நோக்கம் அங்கில்லை.

மருதக்கலியில் இப்போக்கு இன்னும் விரிவாகக் காணப்படும். சேடியரோடு கோயிலுக்குச் சென்ற சிறுவன் பரத்தையர் மனைவழியே மீள்கின்றான். அவர்கள் அணிந்துவிட்ட அணிகலனோடு வருகின்றான். இதனை யார் தந்தார், அதனை யார் தந்தார் எனத் தாய் ஒவ்வொன்றாக வினவுகின்றாள். சில பாட்டுகளில் அவள் மகனைக் கொஞ்சியவாறே தந்தையின் குணங்களைப் பட்டியலிட்டு, நல்லனவற்றை மட்டும் கற்றுக்கொள்க, ஏனையவற்றை விடுக என்கின்றாள். சொல் மகனை நோக்கிச் செல்கின்றது. பொருளோ புறத்தே மறைந்து நிற்கும் தந்தைக்குச் செல்கின்றது. நாடகச் சுவையால் இப்பாட்டுகள் நிகரற்றவை. இவற்றைப் பாடங்கேட்ட மாணவர் எவரும் நகையாது இருந்திலர். எனினும், பெற்றோர் பிணக்குற்ற வீட்டில் வளர்ந்த மாணவர் ஒருவர் அவ்வகுப்பில் அமர்ந்திருப்பின், அவருக்கு நகை வாராதிருத்தலும் கூடும். தாய் தந்தைக்குச் சொல்ல வேண்டியதை மகவின்மேல் ஏற்றிச் சொல்லுதலையே இக்கால உளநூலார் பிரிந்த குடும்பச் சிறார்க்கு நேரும் தலையாய இடர்களுள் ஒன்றாகக் கூறுகின்றனர். தூதாக நிற்கும் பிள்ளை இருபாலும் அன்பிழக்க அஞ்சுகின்றது.

ஊடல் வேறு, மணமுறிவு வேறு என்பதை நாம் மறந்தோமல்லேம். ஊடல் கூடலில் முடிவது. அது காமத்திற்கு இன்பம் பயப்பது என்பது வள்ளுவர் கருத்து. மருதப் புதல்வனுக்கு முடிவில் தந்தை கிடைத்துவிடுகின்றான். ஆயினும், பிணக்கின் நடுவே மகவை நிறுத்தும் வழக்கத்தை ஒரு சுவையாகக் கண்டு பழகிய மரபு, அம்மகவின் பக்கம் திரும்பிப் பார்க்க நெடுங்காலம் கொண்டது என்பதே நாம் கூற வருவது. பிள்ளைத்தமிழும் இதற்கு விலக்கன்று. அங்கே குழந்தையே பாட்டுடைத் தலைமை பெறுகின்றது. பேசுவதோ முழுதும் பெரியோர்.

மூத்தோர் பகையிடையே அகப்பட்ட சிறாரைச் சிறாராகவே நோக்கிய பாட்டு ஒன்று புறத்திணையில் உள்ளது. அது திருக்கோவலூரை ஆண்ட மலையமான் குடியைச் சார்ந்தது என்பது நம் ஆய்வுக்கு உவகை தரும் செய்தி. திருக்கோவலூர் இன்று திருக்கோவிலூர் என்னும் பெயரோடு கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கியது. சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் மக்களை யானைக்காலில் இடுவிக்க முனைந்தபோது கோவூர்கிழார் இடைநின்று பாடியது புறநானூற்றின் நாற்பத்தாறாம் பாட்டு. அரசனது குடிப்பெருமையையும் சிறாரது குடிப்பெருமையையும் கூறியபின் புலவர் அச்சிறாரைக் காட்டுகின்றார். கொல்ல வந்த யானையைக் கண்டு அவர்கள் அழுகையை மறந்தனராம். கூடியிருக்கும் மன்றத்தைக் கண்டே மருண்டனராம். அச்சத்திற்குரியது எது என்பதில் குழந்தைக்கும் பெரியோர்க்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் சுருங்கக் காட்டல் அரிது. யானை அவர்களுக்கு வேடிக்கை. முன்பின் அறியாத முகங்கள் கூடிநின்று தம்மையே நோக்குவதுதான் துன்பம். குடும்ப வழக்குகளில் நீதிமன்ற வளாகத்துக்கு அழைத்துவரப்படும் பிள்ளைகளைப் பார்த்தவர்க்கு இப்பாட்டின் உண்மை விளங்கும்.

இதே ஊரில் பாரிமகளிர் கதையும் உண்டு. தந்தையை இழந்த மகளிரைக் கபிலர் அழைத்துக்கொண்டு ஒவ்வொரு வேளிடமாகச் சென்றமை புறப்பாட்டுகளால் அறியப்படும். பாரியின் மகளை மலையர் குடிக்கு அளித்துவிட்டுக் கபிலர் தீப்புக்கார் என்று திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுக் கூறுகின்றது. கபிலக்கல் எனப்படும் பாறை தென்பெண்ணையாற்றில் இன்றும் காட்டப்படுகின்றது. கபிலர் முடிவைப் பற்றிய வழக்குகள் வேறுபடுகின்றன; அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டா. பெற்றோர் அல்லாத ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளுதல் என்னும் செய்தியை மட்டும் நினைவிற்கொள்க. அது பின்னர் வேண்டப்படும்.

ஏட்டிலக்கியத்தினின்று கூத்துக்கு வருவோம். பழைய தென்னார்க்காட்டு நிலம் தெருக்கூத்துக்குப் பெயர்பெற்றது. பாரதக் கதையோடு சார்ந்து நாட்டுமக்கள் படைத்துக்கொண்ட அல்லியரசாணி மாலை, பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு மாலை முதலியவை மலிவுப் பதிப்புகளாக அச்சேறிப் பரவின. கூத்தாகவும் நாடகமாகவும் ஆடப்பட்டன. இவற்றுள் வரும் அல்லி கணவனாகிய அருச்சுனனைச் சாராது மதுரையில் தனித்து அரசாள்பவள். அவள் மகன் புலந்திரன். அவன் விளையாடப் பவளத்தேர் வேண்டும் என்று அடம்பிடிக்கின்றான். பவளம் தேடிச் சென்ற தந்தை அங்கே பவளக்கொடியைக் கண்டு மணந்துகொள்கின்றான். மகன் கேட்ட விளையாட்டுப் பொருளே தந்தையை மற்றொருத்தியிடம் சேர்த்துவிட்டது. கதைசொன்னவர் இதனை ஒரு நிகழ்ச்சித் திருப்பமாகவே கருதியிருப்பர். ஆயின் பெற்றோர் பிரிந்த சிறார் பலர் உள்ளத்தே மறைந்து கிடக்கும் ஓர் எண்ணம் இதில் அப்படியே உருப்பெற்றுள்ளது: நான் அதைக் கேட்டிராவிட்டால் அப்பா போயிருக்கமாட்டார். இவ்வெண்ணத்திற்கு விடைகூறவே மேனாட்டுச் சிறார் நூல்கள் பெரிதும் முயல்கின்றன. நம் கூத்து அதனை எழுப்பிவிட்டு விடைகூறாது அடுத்த காட்சிக்குச் சென்றுவிட்டது.

நாட்டுக்கதைகளில் மாற்றாந்தாய் எப்போதும் கொடியவள் என்பதையும், நல்லதங்காள் கதையில் தாயே தன் மக்கள் எழுவரையும் கிணற்றில் இடுகின்றாள் என்பதையும் நாம் விரித்துக்கூற வேண்டுவதில்லை. தந்தை மறுமணம் செய்துகொண்ட ஒரு சிறுமிக்கு மாற்றாந்தாய்க் கதை சொல்லுமுன் ஆசிரியர் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நன்று.

இனிப் பிறமொழி நூல்களைக் காண்போம். நோயுற்ற உள்ளத்திற்கு நூல்களை மருந்தாகக் கொடுக்கும் முறைக்கு நூல்வழி மருத்துவம் என்று பொருள்படும் சொல்லைச் சாமுவேல் குரோதர்சு என்பார் 1916-இல் அமெரிக்கத் திங்களிதழ் ஒன்றில் சற்றே நகைச்சுவையாக எழுதிய கட்டுரையில் வழங்கினார். மணமுறிவைச் சிறுவர் கதைக்குரிய பொருளாகத் துணிந்து கொண்ட புகழ்பெற்ற முதல் நூல்களுள் ஒன்று செருமானிய எழுத்தாளர் எரிக் கெசுட்னர் 1949-இல் வெளியிட்ட இரட்டைச் சிறுமியர் கதை. ஏரிக்கரை விடுமுறை இல்லம் ஒன்றில் இரு சிறுமியர் சந்திக்கின்றனர். ஒருத்தி வியன்னாவில் இசைஞரான தந்தையோடு வாழ்பவள். மற்றவள் மியூனிக்கில் தாயோடு வாழ்பவள். தாம் இரட்டையர் என்பதையும், பெற்றோர் தம்மைப் பொருள்களைப்போலப் பங்கிட்டுக்கொண்டனர் என்பதையும் அவர்கள் உணர்கின்றனர். பின் ஒருத்தி இடத்திற்கு மற்றவள் செல்கின்றாள். இத்தகைய பொருளைச் சிறார்க்குச் சொல்லலாமா என்று கேட்பாரை எதிர்நோக்கி ஆசிரியர் கதையினிடையே நின்று விடைகூறுகின்றார். பெற்றோர் பிரிந்தமையால் துன்புறும் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். பிரியாமையால் துன்புறும் பிள்ளைகளும் பலர் இருக்கின்றனர். அவர்கள்மேல் இத்துன்பத்தைச் சுமத்தத் துணிந்தவர்கள் அதனைப்பற்றி அவர்களோடு பேசக் கூசுவது முறையன்று என்பது அவர் கூற்றின் சாரம். எழுபத்தைந்து ஆண்டுகட்கு மேலாகியும் இவ்விடைக்கு மறுப்பு எழுந்ததாகத் தோன்றவில்லை.

இக்கதை தமிழுக்கும் வந்தது என்பது நம் மாணவர் பலர் அறியாதது. அமெரிக்காவில் 1961-இல் இது திரைப்படமாயிற்று. அதனைத் தழுவி ஏவி.எம். நிறுவனத்தார் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் 1965-இல் ‘குழந்தையும் தெய்வமும்’ என்னும் படத்தை எடுத்தனர். குட்டி பத்மினி இரட்டை வேடத்தில் நடித்தார். படம் தெலுங்கிலும் இந்தியிலும் மீண்டும் எடுக்கப்பட்டது. தமிழ்ச் சிறார் பிரிந்த பெற்றோரைப் பற்றி ஒரு கதையைத் தம் வயதினர் பக்கம் நின்று கண்டது இத்திரையில்தான் எனல் மிகையன்று. ஆயின் தமிழ்ப்படத்தில் சிறுமியர் தெய்வத்துணையோடு பெற்றோரை ஒன்றுசேர்க்கும் கருவியராகின்றனர். மருதக்கலியின் வாயில் மரபு திரையில் மீண்டும் வாயில்காக்கின்றது.

மூலநூலிலும் பெற்றோர் மறுபடியும் மணந்துகொள்வதாகவே முடிவு. பின்வந்த ஆசிரியர்கள் ஆராய்ந்து விலக்கியது இம்முடிவையே. சூடி புளூம் 1972-இல் எழுதிய நூலில் பன்னிரண்டு வயதுக் கரேன் தன் பெற்றோரை இணைக்கப் பல சூழ்ச்சி செய்கின்றாள், எதுவும் பயன்படவில்லை. அவர்கள் பிரிந்தே வாழ்வர் என்பதையும், அதனால் உலகம் முடிந்துவிடவில்லை என்பதையும் அவள் உணர்வதோடு நூல் நிற்கின்றது. பெவர்லி கிளியரி 1983-இல் எழுதி, அடுத்த ஆண்டு நியூபெரி விருது பெற்ற கடித வடிவக் கதையை நாம் இவ்வகையில் தலைசிறந்ததாகக் கொள்வோம். லீ பாட்சு என்னும் சிறுவன் ஓர் எழுத்தாளருக்குக் கடிதம் எழுதுகின்றான். பின் கடிதம் நாட்குறிப்பாகின்றது. தந்தை நெடுந்தொலைவுச் சரக்குந்து ஓட்டுபவர். தொலைபேசியில் அழைப்பதாகச் சொல்லிவிட்டு அழைக்க மறப்பவர். பள்ளியில் இவன் உணவுப்பெட்டியிலிருந்து நல்ல பண்டங்களை யாரோ எடுத்துவிடுகின்றனர். இவ்விரண்டு சிறு துன்பங்களே கதை. இறுதியில் தந்தை வருகின்றார்; தாய் அவரை மீண்டும் ஏற்க இசையவில்லை; நாயைத் தந்தையே வைத்துக்கொள்ளட்டும், அவருக்குத் துணை வேண்டும் என்று சிறுவன் விட்டுக்கொடுக்கின்றான். தந்தை தீயவர் என்று ஆசிரியர் எங்கும் கூறவில்லை. அவர்மீது நம்பிக்கை வைக்கலாம் என்றும் கூறவில்லை. இத்தகைய நடுநிலை எய்துதற்கரியது.

கதையன்றி நேர்நின்று பேசும் நூல்களும் உள. உளமருத்துவர் ரிச்சர்டு கார்டனர் 1970-இல் சிறுவர் சிறுமியர்க்கென்றே மணமுறிவு பற்றி ஒரு நூல் எழுதினார். பெற்றோருள் ஒருவர் பிள்ளையிடம் அன்பற்றவராக இருத்தலும் கூடும் என்று அதனுள் அவர் வெளிப்படையாகக் கூறியமை அக்காலத்தே பலரைத் திடுக்கிடச் செய்திருக்கும். இவ்வாசிரியர் பிற்காலத்தில் நீதிமன்றங்களுக்கென வகுத்த ஒரு கொள்கை கடுங்கண்டனத்திற்கு உள்ளாயிற்று. முன்னதை மதிப்பிடுகையில் பின்னதைக் கலத்தல் வேண்டா. 1986-இல் லாரீன் பிரௌன், மார்க் பிரௌன் இணையர் பெருவல்லிகளைப் பாத்திரங்களாக வரைந்து படநூல் ஒன்று செய்தனர். பெற்றோர் பிரிதற்குரிய காரணம், இரண்டு வீடுகள், விழா நாட்கள், நண்பரிடம் எவ்வாறு சொல்வது, மாற்றுப்பெற்றோர் எனச் சிறுசிறு பகுதிகளாக அது செல்கின்றது. தொடக்கத்திலேயே இப்பொருள் பற்றிய அருஞ்சொற்களுக்கு ஓர் அகராதியை அமைத்தனர். அதன் இன்றியமையாமையைக் கீழே காண்போம். இந்தியாவில் ரஸ்கின் பாண்டு 2017-இல் சிறார்க்கென எழுதிய தன்வரலாற்று நூலைக் குறிப்பிடல் வேண்டும். பெற்றோர் பிரிந்தபின் தில்லியில் தந்தையோடு கழித்த இளமை நாட்களை அவர் அதில் கூறுகின்றார். அழுகைக்கு இடமான செய்திகளை அவர் உரக்கக் கூறவில்லை. தபால்தலை சேர்த்ததையும் படம்பார்த்ததையும் கூறிச் செல்கின்றார்.

இந்நூல்கள் தோன்றிய காலத்தே ஆராய்ச்சியும் உடன் வளர்ந்தது. சூடித்து வாலர்சுடைனும் சோன் கெல்லியும் கலிபோர்னியாவில் 60 குடும்பங்களைச் சேர்ந்த 131 சிறாரை ஆராய்ந்து 1980-இல் நூல் வெளியிட்டனர். மழலைப் பருவத்தார் தம்மையே குற்றவாளியாக எண்ணுதலும், ஒன்பது வயதுக்கு மேற்பட்டார் ஒருவர் பக்கம் சார்ந்து மற்றவரைச் சினத்தலும் அவர் கண்டவற்றுள் சில. மேவிசு எதரிங்டன் 2002-இல் வெளியிட்ட நூல், பெரும்பாலான சிறார் காலப்போக்கில் நன்னிலை எய்துகின்றனர் எனக் காட்டிற்று. பிரிவினும் ஓயாப் பூசலே பிள்ளைகளைப் பெரிதும் வாட்டுகின்றது என்பது இன்று ஆய்வாளர் பலர்க்கும் உடன்பாடு. எனவே மணமுறிவு குறைவாக நிகழும் நம் நாட்டில் இந்நூல்கட்குத் தேவையில்லை என்பார் கூற்று நிற்காது. பிரியாது பூசலிடும் வீடுகளே இங்கு மிகுதி.

தமிழில் இவ்வகை அரிதாகியதற்குக் காரணம் என்ன? பொருளின்மை அன்று. 1950 முதல் சிறுவர் இலக்கியம் தமிழில் செழித்தே வளர்ந்தது. அம்புலிமாமா 1947-இல் தோன்றிற்று. கண்ணன் 1950-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் குழந்தை எழுத்தாளர் சங்கமும் அமைந்தது. ஆயின் அக்கால எழுத்தாளர் சிறுவனைத் துப்பறிய அனுப்பினர். காட்டிற்கும் கடலுக்கும் அனுப்பினர். வீட்டுக்குள் மட்டும் நுழைய விடவில்லை. வீட்டுச்செய்தி வெளியே வரலாகாது என்னும் நாணம் ஒன்று. சொற்பஞ்சம் மற்றொன்று.

சொற்பஞ்சம் என்றோம், விளக்குதும். விவாகரத்து என்பது நீதிமன்றச் சொல். மணமுறிவு, மணவிலக்கு என்பன ஏட்டுச்சொற்கள். ஊர்வழக்கில் தீர்த்துவிடுதல், அறுத்துவிடுதல், தள்ளிவைத்தல், ஒதுக்கிவைத்தல், வேண்டாமென்று விடுதல் எனப் பல உள. மறுமணத்தை அறுத்துக்கட்டுதல் என்பர். இவற்றின் வினைமுதல் பெரும்பாலும் ஆண் என்பதை நோக்குக. பிரிந்து வாழும் பெண்ணை வாழாவெட்டி என்னும் சொல் இழித்துரைக்கின்றது. அவ்வாறு வாழும் ஆணுக்கு நேரான சொல் இல்லை. பிள்ளையைக் குறிக்கத் தாயில்லாப் பிள்ளை, தகப்பனில்லாப் பிள்ளை என இறப்பைக் காட்டும் சொற்களே உண்டு. தந்தை உயிரோடிருந்தும் உடனில்லாத பிள்ளை தன் நிலையை வகுப்பில் எழுந்து கூற ஒரு சொல் இல்லாது நிற்கின்றது. பெருவல்லிப் படநூல் ஏன் அகராதியோடு தொடங்கிற்று என்பது இப்போது புலனாகும். தமிழில் அத்தகைய நூல் செய்வார்க்கு முதற்பணி படம் வரைதலன்று, சொற்களைத் தேர்தல். அப்பணி தமிழ்த்துறைகளின் கடமையிலிருந்து புறம்பானதன்று.

இனிக் கல்வராயன் மலைக்கு ஏறுவோம். இம்மலை மக்கள் தம்மை மலையாளி என வழங்குவர். கேரளத்தோடு அப்பெயர்க்குத் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்பது பொருள். காஞ்சிபுரத்திலிருந்து உடன்பிறந்தார் மூவர் வந்து மலைகளில் குடியேறினர் என்பது அவர்தம் வழிவழிக் கதை. குடியின் தோற்றக்கதையே உடன்பிறந்தார் பிரிந்து வெவ்வேறு மலைக்குச் சென்ற கதையாக இருத்தல் காண்க. பழைய தென்னார்க்காடு உட்பட்ட சில மாவட்டங்களில் இவர்கள் பட்டியற் பழங்குடியினராக ஏற்கப்பட்டுள்ளனர். கள்ளக்குறிச்சிப் பகுதி 1993-இல் விழுப்புரம் மாவட்டத்தோடு சேர்ந்து, 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26 முதல் தனிமாவட்டமாயிற்று. கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை.

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், நடுவணரசு வேறாக அறிவித்தாலன்றிப் பட்டியற் பழங்குடியினர்க்குப் பொருந்தாது என்று இரண்டாம் பிரிவில் கூறுகின்றது. 1956-ஆம் ஆண்டின் இளவர் காப்பாண்மைச் சட்டமும் அவ்வாறே விலக்களிக்கின்றது. எனவே சமவெளியில் ஒரு தம்பதியர் பிரிந்தால் வழக்கு, தீர்ப்பு, நாள், முத்திரை எல்லாம் உண்டு. மலையில் அக்குடியினரது பிரிவு வழக்காற்றின்படி ஊர்ப்பெரியோர் முன் முடிவுறும். எது மேலானது என்பது நம் ஆராய்ச்சியன்று. பிள்ளைக்கு ஒரு வேறுபாடு உண்டு. நீதிமன்றத்தீர்ப்பு எழுத்தில் இருப்பதால் பின்னொரு நாள் பிள்ளை அதனைப் படித்தறியலாம். ஊர்மன்றத்தின் முடிவு பேச்சில் இருப்பது. பெரியோர் கூடிய மன்றத்தின் ஓரத்தில் நின்று கேட்ட அளவே பிள்ளைக்கு மிஞ்சும். மலையமான் மக்கள் மன்றத்தைக் கண்டு மருண்டமை மீண்டும் நினைவுக்கு வருகின்றது.

மலையில் பெற்றோர் பிரிவுக்கு மணமுறிவு ஒன்றே வாயிலன்று. கேரளத்திலும் கருநாடகத்திலும் உள்ள மிளகு, காப்பித் தோட்டங்களுக்குப் பெற்றோர் கூலிக்குச் செல்லும் திங்கள்களில் பிள்ளைகள் பாட்டியரிடமோ அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளிலோ தங்குகின்றனர். உறைவிடத்தில் இருக்கும் பிள்ளைக்கு, அம்மாவும் அப்பாவும் பிழைப்புக்காகப் போயிருக்கின்றனரா, பிரிந்துவிட்டனரா என்பது விடுமுறை வரை தெரியாதிருத்தலும் கூடும். தொலைபேசி ஒலிக்கக் காத்திருக்கும் லீ பாட்சைப் போன்றவன் இம்மலையிலும் உளன். குடியும் ஒரு காரணம். 2024-ஆம் ஆண்டு சூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச்சாராயம் அருந்தி 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். தாய் தந்தை இருவரையும் இழந்த சிறார்க்குப் பதினெட்டு வயதுவரை திங்கள்தோறும் 5,000 ரூபாய் வழங்க அரசு அறிவித்தது. அது வேண்டிய உதவி. சாவுக்கு முன்னர் அவ்வீடுகளில் ஆண்டுக்கணக்காக நடந்திருக்கக்கூடிய இரவுப் பூசல்களுக்கு எவ்வறிவிப்பும் இல்லை, இருத்தலும் இயலாது. அவ்விடத்தில்தான் ஒரு நூல் ஏதேனும் செய்யவல்லது. குடித்துவிட்டு அப்பா கத்துவது உன்னால் அன்று என்னும் ஒரே செய்தியை எட்டுவயதுப் பிள்ளைக்கு விளங்கும் தமிழில் கூறும் பதினாறு பக்க நூல் ஒன்று போதும்.

அவ்வாறு செய்வோர் மேனாட்டு நூலை மொழிபெயர்த்துவிடின் பயன்படாது. அந்நூல்கள் தாய்வீடு ஒன்று, தந்தைவீடு ஒன்று எனப் பிள்ளை இரண்டிடத்தும் மாறிமாறித் தங்குவதை அடிப்படையாகக் கொண்டவை. தமிழில் தாய்வீடு என்றாலே மணமான பெண்ணின் பிறந்தவீடு எனப் பொருள்படும். பிரிந்த தாய் பெரும்பாலும் அங்கேதான் செல்கின்றாள். ஆகவே பிள்ளை வாழ்வது தாயின் வீட்டிலன்று. பாட்டி வீட்டில், மாமன் வீட்டில். மாமன் மனைவியின் முகக்குறிப்பு, சோற்றுத்தட்டின் அளவு, மாமன் பிள்ளைகளோடு பாய் பகிர்தல் ஆகியனவே அவன் நாள்தோறும் எதிர்கொள்ளும் செய்திகள். தாய்மாமன் காதுகுத்துக்கும் சீருக்கும் உரியவனாக இருந்தவன், இப்போது தந்தையிடத்தில் நிற்கின்றான். பாரிமகளிர்க்குக் கபிலர் நின்றதுபோலப் பிறர் பொறுப்பேற்கும் வழக்கம் நம்மிடம் பழையது. அவ்வழக்கத்தின் அருமையையும் அதில் பிள்ளைபடும் கூச்சத்தையும் ஒருங்கே சொல்லும் கதை தமிழில் எழுதற்குரியது. சமவெளி நடையில் எழுதப்படும் நூல் வெள்ளிமலைப் பள்ளியில் எவ்வளவு சென்றுசேரும் என்பதும் சிந்திக்கத்தக்கது. மலைவழக்கில் உறவுப்பெயர்களும் வினைமுடிபுகளும் வேறுபடுமிடங்களை மாணவர் எவரேனும் களஆய்வால் தொகுத்தளிப்பின் நூல் எழுதுவார்க்குப் பெரும்பயன் விளையும்.

நூல் இருந்தும் பிள்ளை கையில் அதனை எவ்வாறு கொடுப்பது என்பது தனிவினா. நீ இன்னவன், ஆதலின் இதனைப் படி என்று ஆசிரியர் எடுத்துக்கொடுத்தால் அந்நூல் அன்றே தீண்டத்தகாததாகிவிடும். தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலையில் சிறுநூல்களை வகுப்பறைகளுக்கு அனுப்பியுள்ளது. அத்தகைய நூல்வரிசையின் நடுவே, யானைக்கதைக்கும் பட்டக்கதைக்கும் இடையில், பிரிந்த வீட்டுக்கதை ஒன்றும் யாரையும் சுட்டாது கிடத்தல் நன்று. வேண்டிய பிள்ளை அதனைத் தானே எடுத்துக்கொள்ளும். வேண்டாத பிள்ளையும் படித்துவைத்தால் பக்கத்து இருக்கைக்காரனை அடுத்தமுறை வேறு கண்ணால் பார்க்கும்.